வீட்டுப் போன் அடிக்காத நாள்

அப்பா முப்பத்தோரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பெரம்பலூர் டிப்போ. பெரும்பாலும் அரியலூர், செந்துறை பக்கம் ஓடுகிற வண்டிகள். ரிட்டயர் ஆகிச் சில வருஷங்களில் அவருக்கு மறதி வந்தது. முதலில் கண்ணாடியைத் தேடுவது, சாவியைத் தேடுவது என்று எல்லோருக்கும் வருகிற மறதிதான். அப்புறம் சாப்பிட்டோமா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாமல் போயிற்று. ஒருநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பி நிற்கும்போது என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஸ்டாப்புல இறங்கணும்?" என்று மரியாதையாகக் கேட்டார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.

திருச்சிக்கு அழைத்துப்போய்க் காட்டினோம். இது கூடுமே தவிரக் குறையாது என்று டாக்டர் சொன்னார். தனியாக வெளியே விடாதீர்கள் என்றும் சொன்னார். அது சொல்வதற்கு எளிது. எங்கள் வீட்டிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பத்து நிமிஷ நடை. அம்மா குளிக்கப் போகிற நேரம், துணி காயப்போட மாடிக்குப் போகிற நேரம் பார்த்து அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நேராக பஸ் ஸ்டாண்டு. ஏதாவது ஒரு வண்டியில் ஏறி, பின்படிக்குப் பக்கத்தில் கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். பழைய கண்டக்டர்கள் பலருக்கு அவரைத் தெரியும். டிக்கெட் கேட்க மாட்டார்கள். புதியவர்கள் கேட்டால், "ஸ்டாஃப்" என்பார்.

எங்கே போய் இறங்கினாலும் கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டுக்குப் போன் வந்துவிடும். அப்பாவுக்கு என் பெயர் மறந்துவிட்டது, தெருப் பெயர் மறந்துவிட்டது. வீட்டுப் போன் நம்பர் மட்டும் மறக்கவில்லை. எஸ்.டி.டி. கோடில் ஆரம்பித்து, நடுவில் ஒரு மூச்சு விட்டு, ஸ்டாப் பெயர் சொல்கிற அதே குரலில் முழு நம்பரையும் சொல்லி முடிப்பார். கேட்டவர்கள் யாராவது அதைத் தங்கள் செல்லில் போடுவார்கள். பேரளியிலிருந்து ஒரு டீக்கடைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் கூப்பிட்டு, "எங்க வாப்பா வயசு இருக்கும்மா. கடைக்குள்ளதான் உக்கார வச்சிருக்கேன். பதறாம வாங்க, இன்ஷா அல்லா எங்கயும் போக மாட்டாரு" என்றார். போனை எடுப்பது அம்மா. உடனே என் செல்லுக்குக் கூப்பிட்டுச் சொல்வாள். நான் அரை நாள் லீவு போட்டு, போய் அழைத்து வருவேன்.

அவருக்கு ஒரு செல் வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் அதை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்தார். என் நம்பரை ஒரு துணியில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்துத் தைத்தேன். அதைப் பிய்த்து என் முன்னால் போட்டு, "நான் என்ன தொலைஞ்ச மாடா?" என்று கத்தினார். அதற்குப் பிறகு நான் தைக்கவில்லை. வீட்டுப் போன்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அந்தப் போனை மாற்றியது நான்.

நான் கல்யாணம் ஆன இரண்டாம் வருஷமே பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். விதை, உரம் விற்கிற ஒரு கம்பெனியின் பெரம்பலூர் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. அப்பாவின் மருந்துச் செலவு ஏறிக்கொண்டே போனது. எங்கே குறைக்கலாம் என்று யோசித்தபோது கண்ணில் பட்டது போன் பில். மழை பெய்தால் அந்தப் பழைய லைனில் கரகரவென்று சத்தம் வரும். ரோட்டைத் தோண்டினால் வாரக்கணக்கில் செத்துக் கிடக்கும். இப்போது இன்டர்நெட் வயரிலேயே வீட்டுப் போனும் வருகிறது, எவ்வளவு பேசினாலும் காசு கிடையாது, பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம் என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். மாதாமாதம் நல்ல தொகை மிச்சமாகும். என் செல்லுக்குத் தனியாக நெட் போடவும் வேண்டாம்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் ஒன்றுதான் கேட்டாள். "நம்பர் மாறாதுல்ல?"

"மாறாதும்மா."

"அப்ப சரி. உனக்குத் தெரியாததா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், தொப்பை வைத்தவர், பொறுமையான மனிதர். மெல்லிய வயர் ஒன்றை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, ஹாலில் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியை அடித்து மாட்டினார். எங்கள் பழைய போனையே அதில் செருகினார். அவருடைய செல்லிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். பழைய மணிச் சத்தமே கேட்டது. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து போய் எடுத்து, "ஹலோ, யாருங்க?" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

கிளம்பும்போது அந்த ஆள் சொன்னார். "மேடம், ஒரு விஷயம். பழைய லைனுக்கு எக்ஸ்சேஞ்சுலேருந்தே கரண்ட் வரும். வூட்டுல கரண்ட் போனாலும் போன் ஓடும். இதுல அப்படி இல்லீங்க. கரண்ட் போனா பெட்டி அணைஞ்சிடும், போனும் அவ்ளோதான். இன்வெர்ட்டர் இருக்குதுங்களா?"

"இல்லைங்க."

"அப்ப சின்னதா ஒரு பேட்டரி பொட்டி விக்கிது. டவுன்லயே கெடைக்கும். வாங்கி மாட்டிருங்க. நாலஞ்சு மணி நேரம் தாங்கும்."

விலை கேட்டேன். சொன்னார். பெரிய விலை இல்லை. ஆனால் மிச்சம் பிடிக்கத்தானே இதை மாற்றினோம், மாற்றிய அன்றைக்கே ஒரு செலவா என்று எனக்குத் தோன்றியது.

"அப்புறம் பாத்துக்கலாங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த இரண்டு மாதத்தில் எத்தனையோ முறை கரண்ட் போனது. பத்து நிமிஷம், கால் மணி நேரம். வெள்ளைப் பெட்டி அணையும், திரும்ப எரியும். ஒன்றும் ஆகவில்லை. அப்பாவும் அந்த மாதங்களில் இரண்டு முறை வெளியே போனார், இரண்டு முறையும் போன் வந்தது, அழைத்து வந்தோம். பேட்டரிப் பெட்டி என்று ஒன்று இருப்பதையே நான் மறந்துபோனேன்.

மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை. முந்தின நாளே எனக்கு மெசேஜ் வந்துவிடும். அந்த முறையும் வந்தது. நான் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். மறுநாளைக்குச் சேர்த்தே சட்னி அரைத்து வைத்தேன். என் செல்லை முழுக்க சார்ஜ் போட்டேன். காலையில் அம்மாவிடம், "ஃபேன் இல்லாம புழுங்கும், அப்பாவை வாசப் பக்கம் உக்கார வை" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனேன். அந்தப் போனைப் பற்றி ஒரு விநாடிகூட நினைக்கவில்லை. இதை நான் பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சட்னி வரைக்கும் ஞாபகம் வைத்திருந்தவளுக்கு அது எப்படி வராமல் போயிற்று என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

பதினொன்றரை மணி வாக்கில் என் செல்லுக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. லோன் வேண்டுமா என்று தினமும் யாராவது கூப்பிடுகிறார்கள். நான் எடுக்கவில்லை. திரும்ப வந்தது. சைலன்ட்டில் போட்டுவிட்டேன்.

பன்னிரண்டேமுக்காலுக்கு அம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். அவள் அதற்கு முன்னால் ஒருமுறைகூட என் ஆபீசுக்கு வந்ததில்லை. வீட்டில் கட்டுகிற பழைய புடவை. கையில் ஒரு காகிதம். வீட்டுப் போனுக்கு மேலே சுவரில் என் செல் நம்பரை எழுதி ஒட்டியிருந்தோம், அதைக் கிழித்து எடுத்து வந்திருந்தாள்.

"அப்பாவைக் காணும்மா. ரெண்டு மணி நேரமாச்சு. பஸ் ஸ்டாண்டெல்லாம் தேடிட்டேன்."

"ஏம்மா எனக்குப் போன் பண்ணல?"

"வூட்டுப் போன் செத்துக் கெடக்குது. பூக்காரம்மா செல்லுலேருந்து ரெண்டு தரம் அடிக்கச் சொன்னேன். நீ எடுக்கவே இல்ல."

நான் என் செல்லைப் பார்த்தேன். மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது.

இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். டைம் கீப்பர் அப்பாவோடு வேலை பார்த்தவர். காலையில் அரியலூர் வண்டியில் பார்த்ததாக ஒரு டிரைவர் இப்போதுதான் வந்து சொன்னார் என்றார். "வூட்டுக்குப் போன் வந்திருக்குமே, எப்பவும் வருமே" என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் அரியலூர் வண்டி எங்கே நிற்கிறது என்று தேடினேன்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி இரண்டரை தாண்டிவிட்டது. அங்கிருந்த டைம் கீப்பர் இரண்டு மணிக்குத்தான் டியூட்டிக்கு வந்தவர். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நான்கைந்து கடைகளில் கேட்டோம், யாரும் பார்க்கவில்லை என்றார்கள். அப்பா செந்துறை வண்டியில் ஏறியிருப்பார் என்று அம்மா சொன்னாள், அவர் கடைசியாக வேலை பார்த்த ரூட் அது. செந்துறைக்குப் போனோம். பஸ் நிற்கிற இடம், தாலுகா ஆபீஸ் பக்கம், கடைத்தெரு, கோயில் என்று சுற்றினோம். வெயில் இறங்குகிறவரைக்கும் தேடிவிட்டு பெரம்பலூருக்கே திரும்பி வந்து போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். அன்று சாயங்காலம் கரண்ட் வந்தபிறகு எங்கள் வீட்டில் போன் அடித்ததா என்று எங்களுக்குத் தெரியாது. வீடு பூட்டிக் கிடந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். அரியலூர் அரசு ஆஸ்பத்திரியில் பெயர் தெரியாத பெரியவர் ஒருவர் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார்கள்.

அப்பாதான். பச்சை விரிப்புப் போட்ட கட்டிலில் படுத்திருந்தார். வலது கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. கேஸ் ஷீட்டில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆண், சுமார் எழுபது என்று எழுதியிருந்தார்கள். அம்மா அவர் கன்னத்தைத் தொட்டு, "என்னங்க" என்றாள். அவர் கண்ணைத் திறந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். அவருக்கு எங்களைத் தெரிந்த மாதிரி இல்லை.

நர்ஸ் என்னிடம் சொன்னார். "ஒரு நம்பர் சொல்லிக்கிட்டே இருந்தாருங்க. நாங்களும் ரெண்டு தடவை போட்டோம், போகவே இல்ல. வலிக்கு ஊசி போட்டதும் தூங்கிட்டாரு. அப்புறம் சொல்லல."

உடனே ஆபரேஷன் செய்ய டாக்டர்கள் தயங்கினார்கள். சர்க்கரை கூடியிருந்தது. இருதயமும் பலவீனம். செய்தாலும் சொன்னபடி கேட்டு எழுந்து நடந்து பழக வேண்டும், இவருக்குச் சொன்னது நிற்காதே என்றார்கள். பத்து நாள் கழித்து, ஆபரேஷன் செய்யாமலே, படுத்த படுக்கையாக வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

அந்தப் பத்து நாளில் ஒருநாள், மருந்து வாங்கிக்கொண்டு அரியலூர் பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தபோது, அங்கே கொய்யாப்பழம் விற்கிற ஒரு அம்மாவிடம் பழம் வாங்கினேன். எதற்கென்று தெரியவில்லை, அப்பா இங்கேதான் விழுந்தார் என்று சொன்னேன். அந்த அம்மா தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தக் கண்டக்டர் ஐயா பொண்ணா நீ?"

"ஆமாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"எம் மடியிலதாம்மா தலையை வச்சிருந்தாரு. நாந்தான் முந்தானையால வெயிலு மறைச்சுக்கிட்டு இருந்தேன்." அவர் தன் சின்ன செல்லை எடுத்துக் காட்டினார். "இதுலதான் அடிச்சேன். அவரு நம்பரு சொல்லச் சொல்ல, பக்கத்துக் கடைக்காரரு அமுக்கிக் குடுத்தாரு. அஞ்சு தரம் அடிச்சோம். மணியே அடிக்கல. ஒரு பொம்பளை என்னமோ சொல்லுது, அவ்ளோதான்."

நான் அந்தச் செல்லையே பார்த்தேன்.

"ஆம்புலன்ஸு சீக்கிரமே வந்துருச்சும்மா. அவருதான் ஏற மாட்டேன்னுட்டாரு. வூட்டுல போன் எடுப்பாங்க, எம் பொண்ணு வந்துரும், அதுவரைக்கும் இங்கனயே இருக்கேன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. தூக்க வந்தவங்களைத் தள்ளிவுடறாரு. முக்கா மணி நேரம் அப்படியே கெடந்தாரும்மா, தார் ரோட்டுல. அப்புறம் அவரே கையை வுட்டுட்டாரு. அப்புறந்தான் ஏத்துனாங்க."

"எம் பொண்ணுன்னா சொன்னாரு?"

"ஆமாம்மா. பேரு கேட்டேன். பேரு சொல்லத் தெரியல. பொண்ணு வரும், பொண்ணு வரும்னாரு."

பழத்துக்குக் காசு கொடுத்தேன். அந்த அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. "மனசு வுட்டுறாத" என்றார். நான் பழத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் பேட்டரிப் பெட்டியை வாங்கினேன். மாட்டுவதற்கு அதே ஆள் வந்தார். அவருக்கு என்னை ஞாபகம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ வீடு ஏறி இறங்குகிறவர். மாட்டிவிட்டு, "இனிமே கவலை இல்லீங்க மேடம்" என்றார். அது உண்மைதான். அதற்குப் பிறகு கரண்ட் போன உடனே எங்கள் வீட்டுப் போன் அணைந்ததில்லை. கூப்பிடத்தான் யாரும் இல்லை. அப்பா எங்கேயும் போகவில்லை.

கட்டிலில் படுத்தே இருந்ததில் அவருக்கு முதுகில் புண் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். காலையில் நானும் அம்மாவும் சேர்ந்து செய்வோம், நான் ஆபீசில் இருக்கும்போது அம்மா தனியாகவே செய்வாள். முதல் சில வாரங்கள் நான் அவர் காதோரம் குனிந்து, "அப்பா, நம்ம வூட்டு நம்பர் சொல்லுங்க" என்று கேட்டுப் பார்த்தேன். உதடு அசையும். எஸ்.டி.டி. கோடு வரைக்கும் இரண்டு நாள் சொன்னார். பிறகு அதுவும் இல்லை. பேச்சே குறைந்துவிட்டது. அம்மா யாரோ சொன்னார்கள் என்று ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு பஸ் ஏறிப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். எங்கள் சாமியிடமும் வேண்டிக்கொண்டாள். புண் ஆறவில்லை.

பேட்டரிப் பெட்டி விஷயத்தை நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை. கரண்ட் போனதால் போன் அணைந்துவிட்டது என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுப் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் தலை நிமிராமலே சொன்னாள்.

"அந்த ஆளு பேட்டரி பொட்டி வாங்கச் சொன்னப்ப நான் அடுப்படியிலதான் இருந்தேன். எனக்கும் காதுல வுழுந்துச்சு."

நான் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நானும் வாங்குன்னு சொல்லல" என்றாள். அப்புறம் எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

என்மேல் இருக்கிற பாரத்தில் பாதியைத் தான் எடுத்துக்கொள்வதற்காக அப்படிச் சொன்னாளா, இல்லை எனக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னாளா என்று தெரியவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. அவளும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவது குறைந்துபோயிற்று. மருந்து, பால், கேஸ் சிலிண்டர் என்று தேவையானதை மட்டும் பேசினோம்.

அப்பா பதினான்கு மாதம் அப்படியே இருந்தார். பங்குனி மாதத்து வெயிலில் ஒருநாள் காலை பத்து மணிக்கு, அம்மா கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போது போனார். அம்மாதான் எனக்குப் போன் செய்தாள். நான் ஆபீசிலிருந்து வந்து சேர்ந்தபோது அவர் வாயைத் துடைத்து, தலையை வாரிவிட்டிருந்தாள். டிப்போவிலிருந்து பத்துப் பேர் மாலை எடுத்து வந்தார்கள். அரியலூர் கொய்யாப்பழ அம்மாவுக்கு நான் சொல்லி அனுப்பவில்லை. சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு வீட்டுப் போனை எடுத்துவிடலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றாள். ஆபீஸ் வேலைக்கு நெட் வேண்டும் என்பதால் வயரை மட்டும் வைத்துக்கொண்டு போனைக் கழற்றிவிட்டேன். அம்மாவுக்கு ஒரு செல் வாங்கிக் கொடுத்தேன். பெரிய எழுத்து, பெரிய பட்டன், பச்சையை அமுக்கினால் போதும். ஒரு மாதம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்குச் சொன்ன உடனே பிடிபடும், எப்போதுமே அப்படித்தான். என்னைக் கூப்பிடவும் எடுத்துப் பேசவும் நன்றாகவே தெரியும்.

ஆனால் எடுப்பதில்லை. மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில் நான் ஆபீசிலிருந்து கூப்பிடுவேன். முழுக்க அடித்து ஓயும். முதல் நாள் பயந்துபோய் வீட்டுக்கு ஓடிவந்தேன். ஹாலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செல் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"ஏம்மா எடுக்கல?"

"எடுக்கத் தோணல."

கோபமாகச் சொல்லவில்லை. கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே சொன்னாள். நான் திரும்ப ஆபீசுக்குப் போய்விட்டேன். அது ஆகி இரண்டு வருஷம் இருக்கும். இப்போதும் தினமும் ஒரு மணிக்குக் கூப்பிடுகிறேன். ஒரு முறைதான், ஓய்கிறவரைக்கும் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சோறு வடித்து மூடி வைத்திருப்பாள். தனக்குப் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிடுவாள். நான் ஹாலில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.